நாவின் விளையாட்டு

ஒரு சிறு கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டே இ, உ, அ என்று சொல்லுங்கள். 'இ' சொல்லும்போது நா முன்னோக்கி உயர்கிறது, இதழ்கள் விரிகின்றன. 'உ'வுக்கு நா பின்னே செல்கிறது, இதழ்கள் குவிகின்றன. 'அ'வுக்கு நா தாழ்ந்து வாய் திறக்கிறது. நாவின் உயரம், அதன் முன்பின் நிலை, இதழின் வடிவம் ஆகிய மூன்றுமே உயிரொலிகளை வேறுபடுத்துகின்றன.

இப்பொழுது 'உடல்' என்றும் 'காது' என்றும் சொல்லுங்கள். இரண்டிலும் இருப்பது உகரந்தானே? ஆனால் 'காது' என்பதன் இறுதியில் இதழ்கள் குவிவதில்லை! இதுதான் நீங்கள் இலக்கணத்தில் படித்த குற்றியலுகரம். எழுத்து ஒன்று, ஒலி இரண்டு.

உயிரொலியை அருகிலுள்ள மெய் மாற்றுவதும் உண்டு. பெண் 'பொண்ணு' ஆவதும், வீடு 'வூடு' ஆவதும் ஏன்? ப, வ ஆகியன இதழால் பிறப்பவை. ண, ட ஆகியவற்றுக்கு நாநுனி மேல்நோக்கி மடிகிறது. முன்னால் இதழ், பின்னால் நாமடிப்பு. இடையில் அகப்பட்ட உயிர் பின்னுக்கு நகர்ந்து குவிகிறது. 'எண்' என்பதில் இதழொலி இல்லை. எனவே அது 'ஒண்' ஆவதில்லை. 'பெரிய' என்பதில் நாமடிப்பு இல்லை, அதுவும் மாறுவதில்லை. ஆக, பேச்சு மாற்றம் சோம்பலால் வருவதன்று. அதற்கும் விதி உண்டு. இந்தோனேசியாவின் மதுரா தீவு மொழியிலும் இத்தகைய உறவு உண்டு. அங்கே உயிருக்கு முன் நிற்கும் மெய்யைப் பொறுத்து அவ்வுயிர் உயர்ந்தோ தாழ்ந்தோ ஒலிக்கிறது.

சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலே போனால் பழங்குடி ஊர்கள் வருகின்றன. நீலகிரி முதல் இப்பகுதி வரை வாழும் இருளர்களின் மொழி தமிழுக்கு மிக நெருங்கிய உறவுடையது. ஆனால் அதில் நா முன்னும் செல்லாமல் பின்னும் செல்லாமல், நடுவில் நின்று பிறக்கும் உயிர்கள் உள்ளன. செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில் 1973இல் இம்மொழியைப் பற்றி நூல் வெளியிட்டார். நடு உயிர்களை எழுத நம் பன்னிரண்டு உயிரெழுத்துகள் போதா.

பவானி ஆறு இறங்கிவரும் நீலகிரியில் படகர் மொழி இன்னும் வியப்பானது. 1939இல் எமனோ என்ற அறிஞர் அதன் உயிர்களை விவரித்தார். 'பெ' என்று நேராகச் சொன்னால் வாய்; நாவைச் சற்றே மடித்துச் சொன்னால் வளையல்; நன்றாக மடித்துச் சொன்னால் பயிர்! கன்னடத்தில் வளையல் 'பளெ', பயிர் 'பெளெ'. படக மொழியில் நடுவிலிருந்த ளகரம் மறைந்தது; அதன் நாமடிப்பு மட்டும் உயிரில் தங்கிவிட்டது. இன்று படகர் பலருடைய பேச்சில் இந்த வேறுபாடும் மறைந்துவிட்டது. எமனோ குறித்து வைத்திராவிட்டால், அப்படி ஓர் ஒலி பரவலாக இருந்ததை நாம் அறிந்திருப்போமா?

உங்கள் வகுப்பில் மலையூர் மாணவர் ஒருவர் ஒரு சொல்லை வேறு விதமாக ஒலித்தால் சிரிக்காதீர்கள். சிரிப்புக்கு அஞ்சியே அவர் அந்த ஒலியை விட்டுவிடக்கூடும். மீண்டும் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அவருடைய நா எங்கே நிற்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஆராய்ச்சிக்குக் கண்ணாடி, காது, பொறுமை ஆகிய மூன்றும் போதும்.