பதினைந்து பிள்ளைகள்: கோத்தா திங்கியின் கலப்பினப் பள்ளியில் தாய்மொழி

கோத்தா திங்கி என்னும் ஊர்ப்பெயரைத் தமிழில் சொன்னால் உயர்ந்த கோட்டை என்று பொருள்படும். கோத்தா என்னும் மலாய்ச் சொல்லும் நம் கோட்டையும் உறவுடைய சொற்கள். ஜொகூர் பாருவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், ஜொகூர் ஆற்றங்கரையில் அமைந்த இவ்வூர் ஒருகாலத்தில் சுல்தான்களின் இருப்பிடமாக விளங்கியது. 1699இல் கொலையுண்ட சுல்தான் மஹ்மூத் ஷாவின் அடக்கத்தலம் இன்றும் கம்போங் மக்காமில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனக் குடியேறிகள் ஜொகூரின் ஆற்றோரங்களில் மிளகும் காம்பியரும் பயிரிட்டனர். பின்னர் இரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. தோட்டங்களோடு தமிழர் வந்தனர். 1956இல் தோன்றிய பெல்டா அமைப்பின் நிலக்குடியேற்றத் திட்டங்கள் மலாய்க் குடும்பங்களைப் பெருமளவில் இம்மாவட்டத்தில் குடியமர்த்தின. இவர்கள் எல்லாருக்கும் முன்பே இங்கு வாழ்ந்தோர் பூர்வகுடி மக்கள். அவர்களுள் மிகச் சிறிய பிரிவுகளுள் ஒன்றான ஓராங் கானாக் மக்கள் மாவாய்ப் பகுதியில் சுங்கை செலாங்கியில் வாழ்கின்றனர்.

இவ்வளவையும் முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜொகூரின் மிகப் பரந்த மாவட்டமான இதன் குடியேற்ற வரலாறு முழுவதும், நகர்ப்புறத்தை ஒட்டிய தாமான்களில் உள்ள ஒரு தொடக்கப்பள்ளியின் வருகைப் பதிவேட்டில் பெயர்களாக எழுதப்பட்டிருக்கக் காணலாம். பெரும்பான்மை மலாய்ப் பெயர்கள். இடையிடையே சீனப் பெயர்கள். சில தமிழ்ப் பெயர்கள். எப்போதேனும் ஒரு பூர்வகுடிப் பெயர். இத்தகைய தேசியப் பள்ளியில் பயிலும் தமிழ்ப் பிள்ளைக்குத் தன் தாய்மொழி எழுத்து எவ்வாறு கிடைக்கும் என்பதே இவ்வுரையின் பொருள்.

தமிழ்ப் பிள்ளைகள் தாமான்களுக்கு வந்தமை தனிவரலாறு. கூட்டரசு மலாய் மாநிலங்களில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டங்களில் பள்ளி நடத்தும் பொறுப்பை நிருவாகத்தின்மேல் சுமத்தியது. ஜொகூர் அக்கூட்டரசில் சேராத மாநிலம். எனினும் இங்கும் தமிழ்க் கல்வி வேர்விட்டது தோட்டப் பள்ளிகளிலேதான். லாடாங் என்னும் சொல்லைப் பெயரில் தாங்கிய பள்ளிகள் இம்மாவட்டத்தில் இன்றும் உள்ளன. அவற்றின் பிறப்பிடத்தை அப்பெயரே சொல்லிவிடும். இரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது தோட்டங்களில் வேலையாட்கள் குறைந்தனர். இளையோர் தொழிற்சாலைகளுக்கும், பாலம் கடந்து சிங்கப்பூருக்கும் வேலைக்குச் சென்றனர். குடும்பங்கள் தாமான்களில் வீடு வாங்கின. பிள்ளைகள் தோட்டத்தை விட்டனர். பள்ளிக் கட்டடங்கள் தோட்டத்திலேயே நின்றுவிட்டன. நாடு விடுதலை பெற்ற 1957இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530 ஆகச் சுருங்கியதற்கு இப்பெயர்வு முதன்மையான காரணம்.

கோத்தா திங்கி நகரில் ஜாலான் தாஜுல் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. அதற்கு எட்டும் தொலைவில் வாழும் பெற்றோர்க்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றே: பிள்ளையை அங்கே சேருங்கள். ஆறாண்டுகள் எல்லாப் பாடங்களையும் தாய்மொழிவழிக் கற்பதற்கு ஈடாக வேறெந்த ஏற்பாடும் இல்லை. ஆயினும் இம்மாவட்டம் பரந்தது. பள்ளிப் பேருந்தின் மாதக் கட்டணமும், விடியற்காலையில் பிள்ளையை எழுப்பும் நேரமும் பல குடும்பங்களின் முடிவைத் தீர்மானிக்கின்றன. தாமானுக்குள்ளேயே நடந்து செல்லும் தொலைவில் தேசியப் பள்ளி இருக்கிறது. அங்கே பிள்ளையைச் சேர்த்த பெற்றோரைப் பழிப்பது எளிது. அப்பழிப்பால் எந்தப் பிள்ளையும் ஓர் எழுத்தைக் கற்றதில்லை.

அப்பெற்றோர்க்குச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திலும், அதற்குப் பின்வந்த 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திலும், தேசியப் பள்ளி என்பது யாது என்று வரையறுக்கும் இடத்திலேயே இவ்வழி எழுதப்பட்டுள்ளது. பள்ளியில் குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால், சீனமொழியோ தமிழ்மொழியோ கற்பிக்க வசதி செய்து தரப்படல் வேண்டும். வரையறைக்குள்ளேயே இது வருவதைக் கவனிக்க வேண்டும். தாய்மொழி வகுப்பு தலைமையாசிரியர் மனமுவந்து அளிக்கும் சலுகையன்று. தேசியப் பள்ளியின் இலக்கணத்திலேயே அடங்கிய கூறு.

இவ்விதியைப் பற்றிப் பெற்றோரிடையே நிலவும் தவறான எண்ணங்கள் சில உள. பதினைந்து குடும்பங்கள் வேண்டும் என்று பலர் கருதுகின்றனர். சட்டம் எண்ணுவது மாணவரை, குடும்பங்களை அன்று. ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள் அப்பள்ளியில் பயின்றால் மூவரும் கணக்கில் வருவர். அவ்வாறாயின் ஏழெட்டுக் குடும்பங்களே பதினைந்தை எட்டிவிடக்கூடும். ஒரே வகுப்பில் பதினைந்து பேர் வேண்டும் என்பது இன்னோர் எண்ணம். சட்டத்தில் உள்ள சொல் பள்ளி என்பதே. ஆறு ஆண்டு வகுப்புகளையும் சேர்த்து எண்ணலாம். இன்னொன்றும் சொல்லத்தகும். அம்மாணவர் இன்ன இனத்தவராக இருத்தல் வேண்டும் என்று சட்டம் கூறவில்லை. தம் பிள்ளை தமிழ் கற்கட்டும் என்று விரும்பும் மலாய்ப் பெற்றோரும் சீனப் பெற்றோரும் கோரிக்கை விடுக்கலாம்.

பூர்வகுடி மொழிகளைப் பற்றிய பகுதி இதனின் வேறானது. அவற்றுக்கும் பதினைந்து என்ற எண்ணே வைக்கப்பட்டுள்ளது. ஆனால் கற்பிப்பது நியாயமாகவும் நடைமுறைக்கு ஏற்றதாகவும் இருத்தல் வேண்டும் என்ற இரண்டாம் நிபந்தனையும் அங்கே சேர்கிறது. ஈபான், கடசான்டூசுன், செமாய் ஆகிய மொழிகள் பள்ளிப் பாடங்களாகியுள்ளன. சுங்கை செலாங்கிப் பிள்ளையின் மொழிக்கு அவ்விரு நிபந்தனைகளையும் தாண்டுவது எத்துணைக் கடினம் என்பதை எண்ணிப் பார்த்தால், நமக்குக் கிடைத்திருக்கும் ஒற்றை நிபந்தனையின் அருமை விளங்கும்.

கோரிக்கை ஏற்கப்பட்டு வகுப்பு தொடங்கிய பின்னரே ஆசிரியரின் உண்மையான பணி தொடங்குகிறது. முற்காலத்தில் இவ்வகுப்புகள் பெரும்பாலும் பிற்பகலிலோ சனிக்கிழமையிலோ நடந்தன. அண்டைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் தம் வேலை முடிந்தபின் வந்து கற்பித்துச் சென்றனர். மற்றப் பிள்ளைகள் விளையாடும் நேரத்தில் தமிழ் படிக்க நேர்ந்த பிள்ளைக்கு அம்மொழி ஒரு தண்டனையாகத் தோன்றியிருந்தால் அதில் வியப்பில்லை. ஒன்பதாம் மலேசியத் திட்டக் காலத்தில் (2006–2010) தமிழையும் சீனத்தையும் தேசியப் பள்ளிகளின் பாட அட்டவணைக்குள் கொண்டுவரும் முயற்சி வலுப்பெற்றது. 2011இல் அறிமுகமான தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் அவற்றைக் கூடுதல் மொழிகளாக ஏற்றது. தேசியப் பள்ளிக்கெனத் தனித் தமிழ்ப் பாடத்திட்டமும் உண்டு. தமிழ்ப்பள்ளிப் பாடத்திட்டத்தைவிட அது எளியது. வீட்டில் தமிழ் பேசாத பிள்ளையும் தொடரக்கூடிய வகையில் பேச்சிலிருந்து எழுத்துக்குச் செல்வது.

பதினெட்டுப் பிள்ளைகள் சேர்ந்த ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். முதலாம் ஆண்டில் மூவர், இரண்டாம் ஆண்டில் ஐவர், ஆறாம் ஆண்டில் நால்வர் என அவர்கள் சிதறியிருப்பர். ஒருவன் பாலர் பள்ளியில் உயிரெழுத்துகளைக் கற்றிருப்பான். ஒருத்தி பாட்டியிடம் கதை கேட்டு வளர்ந்திருப்பாள், எழுதத் தெரியாது. இன்னொருவனுக்கு வீட்டில் மலாயும் ஆங்கிலமும் கலந்த பேச்சே பழக்கம். இவர்களை 247 எழுத்துகளின் அட்டவணைக்கு முன் ஒருங்கே உட்காரவைத்து முதல் நாளே ஒப்பிக்கச் செய்தால், இரண்டாம் திங்களில் வகுப்பு பாதியாகிவிடும். எண்ணிக்கை குறைவதற்குச் சட்டத்தையும் தலைமையாசிரியரையும் குறை கூறுமுன், கற்பித்தல் முறையையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வயதால் அன்றித் திறனால் குழு பிரிப்பதே இவ்வகுப்புக்குப் பொருந்தும். ஆறாம் ஆண்டு மாணவன் முதலாம் ஆண்டுத் தங்கையோடு ஒரே குழுவில் அமர வேண்டிவரலாம். அவனுக்குக் கூச்சம் உண்டாகாதவாறு எழுத்தட்டையைக் காட்டும் பொறுப்பை அவனிடம் கொடுத்துவிடலாம். எழுத்துகளைக் குறில் நெடில் வரிசையில் அறிமுகப்படுத்துவதைவிட, படம், பட்டம், பாடம், மரம், மாடம் எனச் சில எழுத்துகளாலேயே பல சொற்களை உருவாக்கக்கூடிய வரிசையில் அறிமுகப்படுத்துவது விரைவில் பயன் தரும். முதல் வாரத்திலேயே பிள்ளை ஒரு சொல்லைத் தானே படித்துவிட வேண்டும். லகர, ளகர, ழகர வேறுபாடு பின்னர் வந்தாலும் கேடில்லை.

கலப்பின வகுப்பில் மட்டுமே கிடைக்கும் கற்பித்தற் கருவி ஒன்றும் உண்டு. அது மலாய்மொழியே. கெடாய் என்பது நம் கடை. காப்பால் என்பது கப்பல். காத்தில் என்பது கட்டில். பெத்தி என்பது பெட்டி. வணிகத்தில் வழங்கும் மொடால் என்பது நம் முதல். பள்ளியில் நாள்தோறும் எழுதும் சொல்லுக்குள் தன் பாட்டியின் சொல் இருப்பதைக் காணும் பிள்ளை, தமிழைத் தன் வீட்டுக்குள் மறைத்துவைக்கும் பொருளாகக் கருதுவதில்லை. அருகில் அமர்ந்த மலாய்த் தோழனும் அச்சொற்களைத் தமிழெழுத்தில் எழுதிப் பார்க்க விரும்புவான். இத்தகைய சொற்களைத் திரட்டி ஒரு சுவரொட்டி அமைப்பதற்கு மூன்று பாடவேளைகள் போதும், செலவும் அதிகமில்லை.

தாய்மொழி வகுப்பு பள்ளியின் ஏனைய திட்டங்களிலிருந்து தனித்து நிற்பதன்று. வறிய மாணவர்க்கான துணை உணவுத் திட்டமும், 1975இல் தொடங்கிய பாடநூல் இரவல் திட்டமும் எல்லா இனத்தார்க்கும் பொதுவானவை. வாசிப்பிலும் கணக்கிலும் பின்தங்கியோர்க்குக் குறைநீக்கல் வகுப்பு உண்டு. அவ்வகுப்புக்கு அனுப்பப்படும் தமிழ்ப் பிள்ளைகளுள் சிலர் அறிவில் பின்தங்கியோர் அல்லர்; மலாய்மொழி பிடிபடாதோர். தமிழாசிரியரிடம் ஒரு சொல் கேட்டிருந்தால் இவ்வேறுபாடு முன்னரே தெரிந்திருக்கும். ரிமுப் எனச் சுருக்கமாக வழங்கும் மாணவர் ஒருமைப்பாட்டுத் திட்டம், தேசியப் பள்ளியையும் சீனப்பள்ளியையும் தமிழ்ப்பள்ளியையும் விளையாட்டிலும் கலைநிகழ்ச்சியிலும் ஒன்றுசேர்க்கிறது. இத்திட்டத்தின்கீழ்த் தமிழ்ப்பள்ளியும் தேசியப் பள்ளித் தமிழ் வகுப்பும் சந்தித்தால், தன்னைப்போல் தமிழ் பேசுவோர் பலர் உள்ளனர் என்பதைத் தேசியப் பள்ளிப் பிள்ளை கண்ணால் காண முடியும். 2006 டிசம்பரிலும் 2007 சனவரியிலும் இவ்வூரை இருமுறை வெள்ளம் சூழ்ந்ததை மூத்தோர் மறந்திரார். வெள்ளக் காலத்தில் பள்ளிகளே துயர்துடைப்பு நிலையங்களாகின்றன. வகுப்பறைத் தரையில் பாய் விரித்துப் பல இனத்தார் அருகருகே படுத்துறங்கும் அந்நாள்களுக்குத் திட்டப்பெயர் எதுவும் இல்லை.

இவ்வகுப்புகள் தமிழ்ப்பள்ளியின் மாணவர் எண்ணிக்கையைக் குறைத்துவிடும் என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சத்தை நாம் புறக்கணிக்கவில்லை. 150 மாணவரையும் எட்டாத பள்ளிகள், குறைந்த மாணவர் பள்ளிகள் என வகைப்படுத்தப்படுகின்றன. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் பல அவ்வகையின. அங்கே ஒரு பிள்ளை குறைவதும் பெரிதே. ஆயினும் தேசியப் பள்ளியில் ஏற்கெனவே அமர்ந்துவிட்ட பிள்ளைக்குத் தமிழை மறுப்பதால் தமிழ்ப்பள்ளிக்கு ஒரு மாணவரும் கூடப்போவதில்லை. மாறாக, தமிழ் எழுத்தறிந்த அப்பிள்ளை இடைநிலைப்பள்ளியில் தமிழைத் தேர்வுப் பாடமாக எடுக்க முடியும்; நாளை தன் பிள்ளைக்குப் பள்ளி தேடுகையில் தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகையையேனும் படிக்க முடியும்.

வகுப்பு நிலைத்து நிற்பதற்குச் செய்ய வேண்டிய பணி மிகச் சிறியது; ஆனால் ஆண்டுதோறும் செய்ய வேண்டியது. மேற்சொன்ன பதினெண்மருள் ஆறாம் ஆண்டு மாணவர் நால்வரும் பள்ளியை விட்டுச் சென்றால் எஞ்சுவோர் பதினால்வர். எண் பதினைந்துக்குக் கீழ் இறங்கிவிடுகிறது. ஆகவே அந்நால்வர் வெளியேறுமுன்பே, வரும் ஆண்டில் முதலாம் வகுப்பில் சேரவிருக்கும் பிள்ளைகள் யாவர் என்று தாமானில் வீடுவீடாகச் சென்று கேட்டறிந்து, பெற்றோரின் கோரிக்கைக் கடிதங்களைத் திரட்டித் தலைமையாசிரியரிடம் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமும் வாங்கி வைத்தல் வேண்டும்.