உண்ணிச்செடியும் மண்சுவரும்

தோட்டத்துச் சாலையோரங்களில் மஞ்சளும் சிவப்புமாகப் பூத்து நிற்கும் உண்ணிச்செடியை அறியாதார் இலர். மலாய்க்காரர் இதனைப் 'புங்கா தாயி ஆயாம்' என்பர். கோழி எச்சப் பூ என்பது பொருள். நல்ல பெயர்தான்! அமெரிக்க வெப்ப நாடுகளுக்கு உரிய இச்செடி, 1809-ஐ ஒட்டிக் கல்கத்தாத் தாவரத் தோட்டத்துக்கு அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. கனியைத் தின்ற பறவைகள் விதையைப் பரப்பின. இன்று முதுமலை முதலிய நீலகிரிக் காடுகளில் மற்ற செடிகளுக்கு இடமில்லாதபடி இது மண்டிக் கிடக்கிறது. இதன் இலையைத் தின்னும் மாட்டுக்கு ஈரல் கெடும்.

ஆயினும் இதன் தண்டு மண்வீட்டுக்கு உதவும். மூங்கில் அரிதான இடங்களில் இதுவே வரிச்சாகிறது. பெருவிரல் பருமனுள்ள தண்டுகளை முள்ளும் பட்டையும் நீக்கி நன்கு உலர்த்த வேண்டும். பச்சையாக வைத்தால் ஈரமண்ணில் வேர்விட்டுத் துளிர்க்கும், சுவரே வேலியாகிவிடும்!

ஊன்றிய கம்பங்களுக்கிடையே தண்டுகளைப் பாய் முடைவது போலக் குறுக்காக முடைவர். களிமண், மணல், நறுக்கிய வைக்கோல் ஆகியவற்றை நீர் விட்டு மிதித்துச் சில நாள் புளிக்க வைத்து, இருவர் எதிரெதிரே நின்று ஒரே வேளையில் இருபுறமும் அப்புவர். அப்போதுதான் மண் வரிச்சின் இடுக்கில் புகுந்து ஒன்றையொன்று பற்றும். களிமண் உலரும்போது சுருங்கி வெடிக்கும். வைக்கோல் அந்த வெடிப்பைப் பெரிதாக விடாது. வைக்கோல் கிடையாதெனில் உலர்ந்த லாலாங் புல்லும் ஆகும். லாலாங்கை ஒழிக்க மருந்து தெளித்தே சலித்த தோட்டத்தாருக்கு இது வியப்பாகலாம். அடியில் கல் மேடையும் மேலே அகன்ற இறவாரமும் அமைந்தால் மழை சுவரைக் கரைக்காது.

இங்கு ஒரு தவறு நேர்வதுண்டு. வேண்டிய தண்டை மட்டும் வெட்டிக்கொண்டு, காட்டுக்கு நன்மை செய்துவிட்டதாகச் சிலர் எண்ணுவர். வெட்டிய அடியிலிருந்து ஒன்றுக்குப் பலவாகத் தளிர் கிளைத்து, புதர் முன்னிலும் அடர்கிறது. வீடு எழும், காடு அழியும். ஆகவே கனி பழுக்குமுன், மண்ணுக்குச் சற்றுக் கீழே வேரின் தலைப்பை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து உலரவிட வேண்டும். தண்டை அதன் பிறகு கழித்தெடுக்கலாம். மறு மழைக்குப் பின் அதே இடத்துக்கு மீண்டும் சென்று, புதிதாக முளைத்த கன்றுகளைக் கையால் பிடுங்குவதும் இவ்வேலையில் அடங்கும்.