வகுப்பறையில் ஒரு நலத்தூதர்

“வகுப்பில் தூங்கி விழுகிறாள்” என்று பள்ளியிலிருந்து செய்தி வந்தால், வீட்டில் பிள்ளைக்கு முதலில் கிடைப்பது திட்டுதான். அத்தகைய மாணவியர் பலருக்கு இருப்பது சோம்பல் அன்று, இரத்தசோகை.

விடியலிலேயே பட்டாசு ஆலைக்குப் புறப்படும் பெற்றோரைவிட, பகல் முழுதும் உடனிருக்கும் ஆசிரியர் இதனை எளிதில் உணரலாம். எனவே, 2020 பிப்ரவரியில் தொடங்கிய பள்ளி நலவாழ்வுத் திட்டத்தின்கீழ், பள்ளிக்கு ஓர் ஆசிரியரும் ஓர் ஆசிரியையும் நலத்தூதர்களாகப் பயிற்சி பெறுகின்றனர். முதற்கட்டத்திற்குரிய முன்னேற விழையும் மாவட்டங்களுள் விருதுநகரும் ஒன்று. ஊட்டச்சத்து, மனநலம், பருவமாற்றம், போதைப்பொருள், காயத்தடுப்பு உள்ளிட்ட 11 பொருள்கள் குறித்து வாரந்தோறும் வகுப்பெடுக்க அவர்கள் கற்கின்றனர். மருந்தெழுதுவது அவர்தம் பணியன்று. அறிகுறியைக் கவனிப்பதும், பிள்ளை சொல்வதைப் பொறுமையாகக் கேட்பதும், உரியவரிடம் அனுப்புவதுமே பணி.

பெற்றோர் அறிய வேண்டியவை:

• 6 முதல் 12ஆம் வகுப்பு வரை வாரம் ஒருமுறை தரப்படும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன.

• மதிய உணவுக்குப்பின் உட்கொண்டால் குமட்டல் குறையும். மலம் கறுப்பது தீங்கன்று. மாத்திரையுடன் தேநீர் அருந்தலாகாது.

• 12 வயதுக்கு மேற்பட்ட சிறுமியர்க்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. அதற்கு வாராந்திர மாத்திரை மட்டும் போதாது, சிகிச்சை தேவை.

• அரசின் காலை உணவுத் திட்டம் 5ஆம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அதற்கு மேற்பட்ட வகுப்பில் பயிலும் மகள் வெறும் வயிற்றுடன் பள்ளி செல்கிறாளா என்று கவனியுங்கள்.

ஆசிரியர் சீட்டு எழுதி அனுப்பினால் அதனைக் குறையாகக் கருதாதீர்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதனைக் காட்டி, இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கடிந்துகொள்வதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.