கைக்குழந்தை விளையாட்டுப் பொருட்கள்

கைக்குழந்தை விளையாட்டுப் பொருட்கள் என்பன பிறந்தது முதல் ஏறத்தாழ ஒன்றரை வயது வரையுள்ள குழந்தைகள் பார்க்கவும், பிடிக்கவும், கடிக்கவும், தள்ளவும் ஏற்ற பொருட்கள் ஆகும். கிலுகிலுப்பை, பல் முளைக்கும்போது கடிக்கும் வளையம், துணிப்பந்து, மரப்பாச்சி, அடுக்குக் கிண்ணங்கள், நடைவண்டி முதலியன இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றைத் தெரிவு செய்வதில் பாதுகாப்பு, கல்விப் பயன் என்னும் இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள் எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. எனினும் இரண்டும் ஓரிடத்திலேயே தொடங்குகின்றன. இவ்வயதுக் குழந்தை கையில் அகப்படும் எதையும் வாய்க்குக் கொண்டு சென்றே அறிந்து கொள்கிறது. அது கற்கும் வழியே ஆபத்து நுழையும் வழியாகவும் உள்ளது.

வளர்ச்சியும் விளையாட்டும்

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜீன் பியாஜே (1896–1980) பிறப்பு முதல் இரண்டு வயது வரையான காலத்தைப் புலனியக்கப் பருவம் என வகுத்தார். இப்பருவத்தில் சிந்தனை என்பது தொடுதல், சுவைத்தல், அசைத்தல் ஆகிய செயல்களிலேயே அடங்கியுள்ளது என்பது அவர் கருத்து.

பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தொலைவிலுள்ளவையே ஓரளவு தெளிவாகத் தெரியும். பாலூட்டும் தாயின் முகம் இருக்கும் தொலைவும் ஏறத்தாழ இதுவே. ஆதலால் முதல் இரண்டு மாதங்களில் மனித முகத்தை விஞ்சிய விளையாட்டுப் பொருள் இல்லை எனலாம். நான்கு, ஐந்து மாதங்களில் குழந்தை பொருளை எட்டிப் பிடிக்கின்றது. ஆறு, ஏழு மாதங்களில் அதை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுகின்றது. கிலுகிலுப்பை பொருளுடையதாவது இக்காலத்தில்தான். தான் அசைத்ததால் ஓசை எழுந்தது என்னும் காரண காரியத் தொடர்பை அது உணர்த்துகின்றது.

எட்டாம் மாதமளவில் குழந்தை மறைக்கப்பட்ட பொருளைத் தேடத் தொடங்குகின்றது. பந்தின் மேல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைப்பதே அப்போது போதிய விளையாட்டாகும். ஒன்பது, பத்து மாதங்களில் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துச் சிறு பொருளைக் கிள்ளியெடுக்கும் திறன் வருகின்றது. பெற்றோர் மகிழும் இத்திறனுடன், தரையில் கிடக்கும் புளியங்கொட்டையும் பொத்தானும் அபாயப் பொருட்கள் ஆகின்றன.

மூச்சடைப்பு

சிறு குழந்தையின் மூச்சுக்குழாய் மிகக் குறுகியது. கடைவாய்ப் பற்கள் முளைக்காமையால் கடினமான பொருளை அரைக்க இயலாது. இருமி வெளியேற்றும் ஆற்றலும் குறைவு. இதனை முன்னிட்டு அமெரிக்காவில் 1980 முதல் சிறுபாகச் சோதனை உருளை நடைமுறையில் உள்ளது. இதன் உள் விட்டம் 31.7 மி.மீ. சாய்வான அடித்தளத்தால் ஆழம் 25.4 மி.மீ. முதல் 57.1 மி.மீ. வரை வேறுபடும். மூன்று வயதுக்குக் குறைந்தோருக்கான பொம்மையோ, அதிலிருந்து கழன்ற துண்டோ, எவ்வகையிலும் அழுத்தப்படாமல் இவ்வுருளைக்குள் முழுமையாக அடங்கினால் அது விற்பனைக்குத் தகுதியற்றது. இந்தியாவின் பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மி.மீ. என்பதை நோக்கினால் இவ்வளவை மனத்திற் கொள்வது எளிது. கோலிக்குண்டு, சோழி, பல்லாங்குழி முத்து ஆகிய அனைத்தும் இதனுள் அடங்குவன. இவை பெரும்பாலும் மூத்த பிள்ளைகளின் விளையாட்டுப் பொருட்கள். வீட்டில் கைக்குழந்தைக்கு நேரும் ஆபத்து அதற்கென வாங்கிய பொம்மையால் மட்டும் வருவதன்று.

உருளையில் அடங்காத பொருளும் தீங்கு செய்யக்கூடும். பழைய கிலுகிலுப்பைகள் சிலவற்றின் கைப்பிடி முனை தொண்டையின் பின்புறம் சிக்கியது. இதனால் 1978 இல் அமெரிக்காவில் கிலுகிலுப்பைக்கெனத் தனி விதி வந்தது. அதன்படி 35 மி.மீ. அகலமும் 50 மி.மீ. நீளமும் கொண்ட துளையில் கிலுகிலுப்பையின் எப்பகுதியும் 30 மி.மீ. ஆழம் முழுதும் ஊடுருவிச் செல்லக்கூடாது. காற்றிறங்கிய அல்லது வெடித்த பலூனின் துண்டு இன்னும் கொடியது. அது தொண்டையின் வடிவத்திற்கு ஏற்பப் படிந்து மூச்சை முற்றாக அடைத்துவிடும்.

பொம்மைப் பெட்டிகளில் 0–3 என்ற எண்களும் குழந்தை முகமும் குறுக்குக் கோட்டால் அடிக்கப்பட்ட குறியீடு காணப்படும். இதைப் பலர் அறிவுத்திறன் பற்றிய குறிப்பாகக் கொண்டு, தம் குழந்தை கெட்டிக்காரக் குழந்தை என்பதால் முன்னதாகவே வாங்கித் தருகின்றனர். இது பிழையான புரிதல். அக்குறியீடு மூச்சடைப்பு போன்ற ஆபத்தையே சுட்டுகின்றது. குழந்தையின் கெட்டிக்காரத்தனத்தால் அதன் மூச்சுக்குழாய் அகன்றுவிடுவதில்லை.

பொத்தான் மின்கலமும் காந்தமும்

ஒலியெழுப்பும் பொம்மைகளில் உள்ள பொத்தான் மின்கலம் விழுங்கப்பட்டு உணவுக்குழாயில் தங்கினால், ஈரத்தின் வழியே மின்னோட்டம் பாய்ந்து கடுங்காரம் உண்டாகின்றது. இரண்டு மணி நேரத்திலேயே ஆழ்ந்த புண் ஏற்படலாம். பொம்மையை இயக்க வலுவற்றுப்போன மின்கலத்திலும் இதற்குப் போதிய மின்னழுத்தம் எஞ்சியிருக்கும். எனவே மின்கல அறையின் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருத்தல் வேண்டும். வலிய காந்தங்கள் இரண்டை விழுங்கினால் அவை குடலின் இரு மடிப்புகளுக்கு இடையே ஒன்றையொன்று இழுத்துத் துளையிடும். இவ்விரண்டிலும் வாந்தி வரச்செய்தல் முதலிய கைவைத்தியத்தில் காலங்கடத்தாது உடனே மருத்துவமனைக்குச் செல்வதே முறை.

வண்ணப்பூச்சு

ஈயம் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது. பாதுகாப்பானது எனத் தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என உலக சுகாதார அமைப்பு கூறுகின்றது. 2007 இல் ஈயப் பூச்சின் காரணமாகச் சீனாவில் தயாரான பொம்மைகள் இலட்சக்கணக்கில் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. இந்தியாவில் வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பகுதியைத் தாண்டக்கூடாது என 2016 இல் விதி செய்யப்பட்டது. அதற்கு முன்னர் பூசப்பட்ட பழைய பொம்மைகளும், அலங்காரத்துக்கான கொலுப் பொம்மைகளும் வாயில் வைக்கத் தக்கவையல்ல.

மரபுவழிப் பொருட்கள்

தமிழகத்தில் செஞ்சந்தன மரத்தில் கடையப்பட்ட, பூச்சற்ற மரப்பாச்சியைக் குழந்தை கடிக்கக் கொடுக்கும் வழக்கம் இருந்துள்ளது. பனையோலைக் கிலுகிலுப்பையும் பூச்சற்றதே. ஆயினும் அதன் உள்ளே இருப்பவை சிறு கற்கள். முடைச்சல் நெகிழ்ந்தால் அவை குழந்தையின் வாய்க்குச் சென்றுவிடும். பழமையானது என்பதால் மட்டும் ஒரு பொருள் பாதுகாப்பானதாகிவிடாது.

நடைவண்டி இவற்றுள் தனியே குறிப்பிடத்தக்கது. மூன்று சக்கரமுள்ள இம்மரவண்டியைக் குழந்தை தன் காலில் நின்று, தன் எடையைத் தானே தாங்கித் தள்ளுகின்றது. அண்மைக் காலத்தில் இதன் இடத்தைப் பிடித்துள்ள, இருக்கையுடன் கூடிய வாக்கர் இதற்கு நேர்மாறானது. நிற்கவியலாத குழந்தையை அது விரைந்து நகரச் செய்து படிக்கட்டு, அடுப்பு ஆகியவற்றின் அருகே கொண்டு செல்கின்றது. நடையைக் கற்பிப்பதும் இல்லை. கனடா 2004 இல் இதன் விற்பனை, இறக்குமதி, விளம்பரம் அனைத்தையும் தடை செய்தது.

"கல்விப் பொம்மை"

இச்சொல்லைப் பெட்டியில் அச்சிடக் குழந்தை எதையும் கற்றதாக மெய்ப்பிக்க வேண்டியதில்லை. வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தில் நடத்தப்பட்டு 2016 இல் வெளியான ஆய்வொன்றில், 10 முதல் 16 மாதக் குழந்தைகளும் பெற்றோரும் 26 இணைகளாகக் கவனிக்கப்பட்டனர். தானே பேசும் மின்னணுப் பொம்மையுடன் விளையாடியபோது பெற்றோர் பேசிய சொற்கள், புத்தகத்துடனும் எளிய பொருட்களுடனும் இருந்தபோது பேசியதைவிடக் குறைந்தன. குழந்தைகள் எழுப்பிய ஒலிகளும் புத்தகத்துடன் இருந்தபோதையவிடக் குறைவாக இருந்தன. சிறிய ஆய்வேயாயினும், பொம்மை பேசும்போது வீட்டார் மௌனமாகிவிடுகின்றனர் என்பதை இது காட்டுகின்றது.

இந்திய விதிகள்

2021 சனவரி 1 முதல் இந்தியாவில் விற்கப்படும் பொம்மைகள் ஐ.எஸ். 9873 உள்ளிட்ட தரங்களுக்கு இணங்கி ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றிருத்தல் கட்டாயமாக்கப்பட்டது. பதிவு பெற்ற கைவினைஞர்கள் தாமே செய்து விற்பவற்றுக்கும், சென்னப்பட்டணப் பொம்மை போன்ற புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்கு உண்டு. ஆகவே இவற்றில் முத்திரையைத் தேடிப் பயனில்லை. ஆணி, தையல், முடைச்சல், பூச்சு ஆகியவற்றை வாங்குவோரே இழுத்தும் தேய்த்தும் பார்க்க வேண்டியுள்ளது.