பின்சக்கரம் எவ்வளவு அகலம்?

அச்சாணியின் பெருமையை வள்ளுவரை வைத்துப் பேசியவர்களை நம் சங்க மேடையில் நிறையக் கேட்டிருக்கிறேன். அந்த அச்சாணி காக்கிற சக்கரத்தைப் பற்றி யாரும் பேசியதாக நினைவில்லை. புனேயில் முப்பது வருஷம் இயந்திரங்களோடு காலம் தள்ளியவன் என்ற உரிமையில் இந்த மலரில் அதை எழுதுகிறேன். எழுத வைத்தவன் என் அக்கா மகன்.

போன மழைக்காலத்துக்கு முன்னால் பழைய ஸ்விஃப்ட் கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றான். "மாமா, பின்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் எட்டு இஞ்ச் ரிம் போடப் போறேன். பார்க்க கும்முனு இருக்கும்" என்றான். "பின் சீட்டில் யாருடா உட்காருவாங்க?" என்று கேட்டேன். "அம்மாவும் பாட்டியும்தான்" என்றான். அந்தப் பாட்டி என் அம்மா. மழையில் கண்டாலா மலைப்பாதையில் அவளை ஏற்றிக்கொண்டு இறங்கப்போகிற வண்டி. வெறுமனே வேண்டாம் என்றால் பையன் கேட்கமாட்டான். காகிதத்தை எடுத்தேன்.

முதல் கேள்வி: வண்டியை இழுப்பது எந்தச் சக்கரம்? அந்தக் காலத்து கான்டெஸாவில் எஞ்சினின் சக்தி பின்சக்கரத்துக்குப் போனது. சக்தியைக் கூட்டினால் அங்கே பிடிப்பைக் கூட்டுவதில் நியாயம் உண்டு. ஸ்விஃப்டில் இழுப்பதும் திருப்புவதும் முன்சக்கரம்தான். பிரேக்கின் பெரும்பங்கும் அதற்கே. பின்னால் மட்டும் அகலத்தைக் கூட்டினால், வளைவில் முன்சக்கரம் முதலில் பிடியை விட்டு, வண்டி திரும்பாமல் நேரே போகப் பார்க்கும். அதற்காகப் பின்னால் மட்டும் பிடிப்பைக் குறைக்கவும் கூடாது. ஈரத்தில் பின்பக்கம் சறுக்கி வண்டியே சுழன்றுவிடும். ஆகவே முன்னும் பின்னும் ஒரே அளவுதான் சரி. டயர்களை முன்பின் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமப்படுத்தவும் வசதி.

"அகலமா இருந்தா ரோட்டை நல்லாப் பிடிக்காதா மாமா?" என்றான். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். தரையில் படும் பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பது சக்கரத்தின் மேலுள்ள எடையும் டயரின் காற்றழுத்தமும். அகல டயரில் அந்தப் பரப்பு குறுக்கே நீண்டு நெடுக்கே குறுகுகிறது. காய்ந்த சாலையின் வளைவுகளில் அது உதவலாம். மழையில் அதே அகலம் கூடுதல் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டும். தள்ள முடியாத வேகத்தில் டயர் தண்ணீர் மேல் ஏறி மிதக்கும். அப்போது ஸ்டியரிங்கும் பிரேக்கும் பெயருக்குத்தான்.

அடுத்தது, டயருக்கும் ரிம்முக்கும் உள்ள பொருத்தம். 195/60 ஆர்15 என்றால் 195 மில்லிமீட்டர் அகலம், அதில் 60 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், 15 அங்குல ரிம். இந்த டயருக்கு அனுமதித்த ரிம் அகலம் ஐந்தரை முதல் ஏழு அங்குலம் வரை, நடுவாந்தரமாக ஆறு. எட்டு அங்குலத்தில் இழுத்து மாட்டினால் பக்கச் சுவர் சாய்ந்து நிற்கும். பள்ளத்தில் விழுந்தால் அடி நேரே ரிம்மில்தான். டயர் ரிம்மை விட்டுக் கழலவும் இடமுண்டு.

சக்கரத்தின் மொத்த விட்டமும் மாறக் கூடாது. 185/70 ஆர்14 டயரின் விட்டம் 614.6 மி.மீ.; 195/60 ஆர்15 டயருக்கு 615. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. டயரில் பொறித்திருக்கும் சுமை எண் பழையதைவிடக் குறையாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியில் ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டுக்கும், அது அச்சோடு பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம் அது, ரிம்மில் 'ஈ.டி.' என்று பொறித்திருக்கும். பழைய ரிம் ஐந்தரை அங்குலம், ஆஃப்செட் 45 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆஃப்செட்டில் ஆறு அங்குல ரிம் போட்டால் இரு பக்கமும் சுமார் 6 மி.மீ. கூடும். எட்டு அங்குலம், ஆஃப்செட் 30 என்றால் வெளிப்பக்கம் மட்டும் சுமார் 47 மி.மீ. தள்ளும். பேரிங்குக்கும் பாரம் ஏறும்.

இடம் இருக்கிறதா என்று பார்க்க, கொத்தனாரின் தூக்குக்குண்டை மட்கார்டு விளிம்பிலிருந்து தொங்கவிட்டோம். அக்காவையும் அம்மாவையும் பின் சீட்டில் உட்காரவைத்துத்தான் அளந்தேன். காலி வண்டியில் எடுத்த அளவு ஏமாற்றும். ஆள் ஏறினால் வண்டி தாழ்ந்து டயர் உள்ளே ஏறும். நூலுக்கும் டயருக்கும் இடையே 28 மி.மீ. கிடைத்தது. பையனே கழித்துப் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை.

சட்டமும் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ்காரர்களும் இதைத்தான் முதலில் கேட்பார்கள். ஆகவே எதை மாற்றுவதானாலும் முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவனும் கேட்டுக்கொண்ட பிறகே நான்கு சக்கரத்துக்கும் ஆறு அங்குல ரிம்மும் 195 டயரும் போட்டான். ஆடி மாத மழையில் கண்டாலா இறங்கி வந்தார்கள். "வண்டி எப்படிம்மா இருந்தது?" என்று கேட்டேன். "தூங்கிட்டேன்டா" என்றாள் அம்மா. சக்கரத்தைப் பற்றி அதைவிட நல்ல சான்றிதழ் எனக்குத் தெரியவில்லை.