கோணாமல் விழ வேண்டிய முதல் வெட்டு

பினாங்கின் தொழில் வளர்ச்சியைப் பற்றிப் பேச்செடுத்தால் 1972-ஆம் ஆண்டிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் அமைந்ததும் இன்டெல் கால்பதித்ததும் அந்த ஆண்டில். ஏ.எம்.டி., எச்.பி., ஹிட்டாச்சி, பாஷ் என்று மற்ற நிறுவனங்களும் அந்தக் காலகட்டத்திலேயே வந்து சேர்ந்தன. இவற்றுக்கு ஜிக், ஃபிக்ஸ்சர், உதிரிபாகம் செய்து கொடுக்கத் தீவில் சிறு பட்டறைகள் முளைத்தன. கடலுக்கு அந்தப் பக்கம் பிறையிலும் மாக் மண்டினிலும் புக்கிட் மின்யாக்கிலும் வளர்ந்தன. இப்படி ஒரு பட்டறைக்குள் நுழைந்தால் கண்ணில் முதலில் படுவது சிஎன்சி மெஷின். வருகிறவர்களுக்குக் காட்டுவதும் அதைத்தான். ஆனால் வேலை அங்கே ஆரம்பிப்பதில்லை. பின்பக்கம், ஆறு மீட்டர் கம்பிகளை அடுக்கி வைத்திருக்கும் சுவரோரம், கூலண்ட் சொட்டச் சொட்ட ஓடிக்கொண்டிருக்கும் பேண்ட்சாவில்தான் ஆரம்பிக்கிறது.

அந்த மெஷினில் நிற்பவர் பெரும்பாலும் பட்டறைக்குப் புதிதாக வந்த பையன். வெட்டத்தானே, இதற்கு என்ன படிப்பு வேண்டும் என்ற நினைப்பு. அந்த நினைப்புக்கு ஒரு விலை இருக்கிறது. வெட்டு நேராக விழும் என்ற நம்பிக்கை இருந்தால், ஒரு துண்டுக்கு 2 மி.மீ. கூடுதலாக விட்டு அறுத்தால் போதும். நம்பிக்கை இல்லாதபோது 5 மி.மீ. விடுவார்கள். நூறு துண்டு அறுத்தால் 300 மி.மீ. கம்பி வீண். அந்த 3 மி.மீ.யைச் சீவித் தள்ள சிஎன்சி மெஷின் ஒவ்வொரு துண்டுக்கும் கூடுதலாக ஓட வேண்டும், டூல் தேய வேண்டும். விலை குறைந்த மெஷினின் கோணல், விலை உயர்ந்த மெஷினின் நேரத்தைத் தின்கிறது. பேண்ட்சாவைப் பராமரிப்பதைத் துப்புரவு வேலையோடு சேர்த்துவிடக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

பேண்ட்சா என்கிற, வளையமாக ஓடும் ரம்பத்துக்கு இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி 1808-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் பட்டையின் இரு முனைகளையும் அறுந்துபோகாமல் ஒட்டுவது யாருக்கும் கைவரவில்லை. 1846-இல் பிரான்சில் ஆன் போலின் கிரேப்பேன் என்ற பெண்மணி அதற்கு வழி கண்டார். முதலில் மரத்துக்கு, பிறகு இரும்புக்கு. இன்று பட்டறைகளில் ஓடுவது பெரும்பாலும் பைமெட்டல் பிளேடு: முதுகு வளைந்து கொடுக்கும் ஸ்பிரிங் எஃகு, பல்முனை கடினமான ஹைஸ்பீடு எஃகு, இரண்டையும் நீளவாக்கில் பற்றவைத்திருப்பார்கள். எம்42 என்று எழுதியிருந்தால் பல்லில் சுமார் 8 விழுக்காடு கோபால்ட் இருக்கிறது என்று பொருள்.

வெட்டு கோணினாலும் பிளேடு அறுந்தாலும் பழி முதலில் பிளேடு மேல்தான்.

“அண்ணே, பிளேடு போச்சு. புதுசு போட்டுறவா?”

“இரு தம்பி. கழட்டினதக் கொண்டா, பாப்போம்.”

இந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லும் ஒருவர் இருக்கும் பட்டறை கொடுத்துவைத்தது. அறுந்த பிளேடு, தான் ஏன் அறுந்தது என்பதைத் தன் மேலேயே எழுதி வைத்திருக்கும். விரிசல் முதுகுப் பக்கத்தில் தொடங்கியிருந்தால், பின்னால் தாங்கும் பேரிங் தேய்ந்திருக்கலாம், வீலின் விளிம்பில் பிளேடு உரசியிருக்கலாம், அல்லது பிளேடைத் தாங்கும் தலையை அளவுக்கு மீறி அழுத்தி இறக்கியிருக்கலாம். பல் இடுக்கின் அடியில் தொடங்கியிருந்தால், இழுப்பு அதிகம் அல்லது பிளேடு ஓடி ஓடிக் களைத்துவிட்டது. பற்கள் வரிசையாக உதிர்ந்திருந்தால் கம்பி வைஸில் அசைந்திருக்கும், இல்லையென்றால் அந்தப் பொருளுக்குப் பல் பெரிது. முதுகு விரிந்த பிளேடைத் தூக்கிப் போட்டுவிட்டு அதே பேரிங்கில் புதியதை ஓட்டினால், அதுவும் அதே இடத்தில் விரியும்.

கோணல் வெட்டுக்கு வருவோம். பேண்ட்சா கோளாறுகளில் அதிகம் தொல்லை கொடுப்பது இதுதான், அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். வழக்கமாக என்ன செய்வார்கள்? கம்பியிலிருந்து ஒரு வில்லையை அறுத்து, வெர்னியரில் நாலு பக்கமும் தடிமன் பார்ப்பார்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவு; மெஷின் சரி என்று முடிவு கட்டிவிடுவார்கள். அந்தச் சோதனை ஏமாற்றிவிடும். பிளேடு சாய்ந்தே வெட்டினாலும் அடுத்தடுத்த இரண்டு வெட்டும் ஒரே சாய்வில் விழும். வில்லையின் இரு முகமும் இணையாகத்தான் இருக்கும், தடிமனும் மாறாது.

சரியான முறை இது. 50 மி.மீ. உருளைக் கம்பியை வைஸில் பிடித்து, முகத்தில் மேல்பக்கத்தை மார்க்கரால் குறித்துக்கொண்டு, நுனியை ஒரு வெட்டு வெட்டுங்கள். பிறகு குறி கீழே வரும்படி கம்பியை அரைச் சுற்று திருப்பிப் பிடித்து, 10 மி.மீ. வில்லை ஒன்றை அறுத்தெடுங்கள். இப்போது இரண்டு வெட்டின் சாய்வும் எதிரெதிராக விழுவதால் தவறு இருமடங்காகத் தெரியும். மேலும் கீழும் அளந்து 0.8 மி.மீ. வித்தியாசம் வந்தால், உண்மையான கோணல் 50 மி.மீ.க்கு 0.4. இடமும் வலமும் அதேபோல் அளந்து பாருங்கள்.

இனி எங்கே கைவைக்க வேண்டும் என்பதை வில்லையே சொல்லும். இடவல வித்தியாசம் என்றால் வைஸின் தாடை பிளேடுக்குச் செங்குத்தாக இல்லை. மூலைமட்டத்தை வைத்துத் தாடையைத் திருத்தி போல்ட்டை முடுக்கினால் வேலை முடிந்தது. மேல்கீழ் வித்தியாசம் என்றால் இன்னொரு கேள்வி இருக்கிறது. வெட்டிய முகத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். முகம் தட்டையாகவே சாய்ந்திருந்தால், பிளேடை நிமிர்த்திப் பிடிக்கும் கைடுகள் சாய்ந்திருக்கின்றன. மூலைமட்டத்தை மேடையில் நிறுத்தி, பல்லில் படாமல் பிளேடின் உடம்பில் ஒட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். முகம் வில்லாக வளைந்திருந்தாலோ பிளேடு போகும் வழியில் விலகியிருக்கிறது: இழுப்பு போதவில்லை, தலை வேகமாக இறங்குகிறது, கைடின் கார்பைடு தேய்ந்திருக்கிறது, அல்லது ஒரு பக்கத்துப் பற்கள் மட்டும் மழுங்கிவிட்டன.

இதில் ஒன்று அடிக்கடி விட்டுப்போகிறது. நகரும் கைடு கையைக் கம்பிக்குப் பக்கத்தில் கொண்டு வருவதே இல்லை. பெரிய பிளாக் அறுத்தபோது விலக்கி வைத்தது, அடுத்து 25 மி.மீ. கம்பி அறுக்கும்போதும் அங்கேயே நிற்கும். இரண்டு கைடுகளுக்கும் இடைவெளி கூடினால் நடுவில் பிளேடு நெளியத்தான் செய்யும். காசு செலவில்லாமல், கையால் தள்ளித் தீர்க்கக்கூடிய கோளாறு இது.

வெட்டு நடந்துகொண்டிருக்கும்போதே நிலவரம் தெரிய வேண்டுமானால் கீழே விழும் சுருளைப் பார்க்க வேண்டும். இறுக்கிச் சுருண்டு வெள்ளையாக விழுந்தால் எல்லாம் சரி. மாவு போல விழுந்தால் பல் கடிக்கவில்லை, உரசுகிறது: இறக்கம் போதவில்லை அல்லது பல் மழுங்கிவிட்டது. கனமாக, நீலமோ பழுப்போ பாய்ந்து விழுந்தால் அழுத்தம் அதிகம். ஸ்டெயின்லெஸ்ஸில் இது இன்னும் முக்கியம். பயந்து பயந்து மெல்ல இறக்கினால் உரசிய இடம் கெட்டிப்பட்டுவிடும். அடுத்து வரும் பல் அதில் முட்டி மழுங்கும். ஆகவே பிளேடின் ஓட்டத்தைக் குறைத்து, இறக்கத்தை விடாமல் கொடுக்க வேண்டும். சாதாரண இரும்புக்குப் பைமெட்டல் பிளேடு நிமிடத்துக்கு 60 முதல் 80 மீட்டர் ஓடலாம் என்றால், 304 ஸ்டெயின்லெஸ்ஸுக்கு 30 முதல் 40 வரை போதும்.

பல் கணக்கும் அப்படித்தான். எந்த நேரத்திலும் குறைந்தது மூன்று பல்லாவது பொருளுக்குள் இருக்க வேண்டும்; ஆறிலிருந்து பன்னிரண்டு வரை இருந்தால் நல்லது. அங்குலத்துக்கு 6-10 பல் உள்ள பிளேடு 25 மி.மீ. கம்பிக்குப் பொருத்தம், 100 மி.மீ. பிளாக்குக்கு 3-4 பல். இந்த ஊரில் தைப்பூசம் நெருங்கும் வாரங்களில், ஜிக்குக்குக் கட்டி இரும்பு அறுத்த மெஷினிலேயே தண்ணீர்மலைக்குப் போகும் காவடிச் சட்டத்துக்கு மெல்லிய அலுமினியக் குழாயையும் அறுக்க வேண்டிவரும். பிளேடை மாற்றாமல் குழாயை வைத்தால், 1.5 மி.மீ. சுவர் இரண்டு பல்லுக்கு நடுவே புகுந்து பல்லைப் பெயர்த்துவிடும். 14-18 பல் பிளேடு போட்டு, தலையைக் கையால் தாங்கி இறக்குவது போல அவ்வளவு மெதுவாக இறக்க வேண்டும். தோளில் சுமக்கிற சட்டம் அது. குழாயின் முனை சதுரமாக இல்லாவிட்டால் வெல்டிங்கில் இடைவெளி விழும், அங்கே பிடிப்பு குறையும். ஆங்கிள் இரும்பை அறுக்கும்போது ஒரு பக்கம் படுத்து மறுபக்கம் நிற்கும்படி வைக்காதீர்கள்; முதுகு மேலே வரும்படி கவிழ்த்து வைத்தால் இரண்டு பக்கத்தையும் பிளேடு சீராக வெட்டிக்கொண்டு போகும்.

கூலண்டை இந்த ஊர்ச் சூடு பாடாய்ப் படுத்தும். வார விடுமுறைக்கு மெஷினை நிறுத்திவிட்டுத் திங்கட்கிழமை காலையில் தொட்டி மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை வாடை வரும். மேலே மிதக்கும் கியர் எண்ணெய்ப் படலம் காற்றை அடைத்துவிட, அடியில் பாக்டீரியா பெருகுகிறது. படலத்தை வழித்தெடுத்து, தொட்டியடியில் படிந்த தூளை அள்ளிவிட்டால் வாடை பாதி அடங்கும். கலக்கும்போது தண்ணீரில் எண்ணெயை ஊற்ற வேண்டும். எண்ணெயில் தண்ணீரை ஊற்றினால் சரியாகக் கலக்காது. அறுப்பதற்குப் பத்துக்கு ஒன்று என்ற அளவில் கலப்பது வழக்கம். வெயிலில் தண்ணீர் மட்டும் ஆவியாகிக் கலவை கெட்டியாகும், வெறும் தண்ணீரையே ஊற்றிவந்தாலோ நீர்த்துப்போகும். கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. ஒரு சொட்டை வைத்து அடர்த்தி காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் சட்டைப்பையில் அடங்கும், வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

பல் இடுக்கிலிருந்து தூளைத் தள்ளும் சின்னக் கம்பி பிரஷ்ஷை யாரும் மதிப்பதில்லை. அது மொட்டையானால் தூள் மறுபடி வெட்டுக்குள்ளேயே போய் அடைந்து பல்லை உடைக்கும். தலை சீராக இறங்காமல் விட்டுவிட்டு விழுந்தால் ஹைட்ராலிக் சிலிண்டரில் காற்று புகுந்திருக்கிறது அல்லது எண்ணெய் குறைந்திருக்கிறது. பட்டறையை இடம் மாற்றிய மறுநாள் பிளேடு எதையுமே வெட்டாமல் வழுக்கினால், அதைக் கழற்றுவதற்கு முன்னால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். மூன்று ஃபேஸ் ஒயரில் இரண்டு இடம் மாறியிருந்தால் மோட்டார் பின்னோக்கிச் சுற்றும்.

பாதுகாப்பு விஷயத்தில் சட்டமும் மாறியிருக்கிறது. 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் இல்லை. அதே நாளில் நடப்புக்கு வந்த திருத்தத்தால் 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் விரிவாகிவிட்டது. சின்னப் பட்டறை தவுக்கேயும் தன் இடத்தின் ஆபத்துகளை மதிப்பிட்டு வைக்க வேண்டும். ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் பாதுகாப்புக்கு ஓர் ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும். சுருட்டிக் கட்டிய பிளேடின் கட்டை அவிழ்க்கும்போது அது துள்ளி விரியும். அப்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். மெஷின் ஓடும்போது கையுறை கூடாது, பல்லில் மாட்டினால் கையையும் இழுத்துக்கொண்டு போகும்.

இத்தனையும் பார்த்த பிறகும் புதுப் பிளேடு போடத்தான் வேண்டும் என்றால், அதை உடனே முழு வேகத்தில் இறக்காதீர்கள். புதுப் பல்லின் முனை மிகக் கூர்மை, சட்டென்று நொறுங்கிவிடும். பிளேடின் ஓட்டத்தை வழக்கம்போல் வைத்து, இறக்கத்தை மட்டும் பாதியாகக் குறைத்து, 300 முதல் 600 சதுர சென்டிமீட்டர் வரை அறுத்தபின் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். 50 மி.மீ. கம்பியில் அது பதினைந்து வெட்டிலிருந்து முப்பது வெட்டு வரை ஆகும். பழைய பிளேடு பாதியில் நின்ற வெட்டுக்குள் புதியதை ஒருபோதும் விடாதீர்கள். தேய்ந்த பல் போட்ட வழி குறுகலாக இருக்கும், உடைந்த பல் துண்டும் உள்ளே கிடக்கலாம். கம்பியைத் திருப்பிப் பிடித்து, மறுபக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டு வாருங்கள். பழைய வெட்டை எட்டும் முன் மெஷினை நிறுத்தி, மிச்சத்தைக் கை ரம்பத்தால் அறுத்துவிடலாம்.