குஞ்சின் சிறகும் வாங்குவோர் உரிமையும்

விருதுநகர் மாவட்டத்தின் பெரும்பகுதி மழையை நம்பிய கரிசல் காடாக இருப்பதால், சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களின் உழைக்கும் குடும்பங்கள் பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களையே பெரிதும் சார்ந்துள்ளன. தொடர்மழை பெய்தால் மருந்து காயாது; தீபாவளி முடிந்ததும் சில வாரங்களுக்கு ஆலைகளில் வேலை இராது; பேரியம் உப்புகளைப் பட்டாசில் பயன்படுத்த உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை விதித்தபோது நேர்ந்ததைப் போல, ஆலைகள் மாதக்கணக்கில் மூடப்படுவதும் உண்டு. இத்தகைய காலங்களில் பல வீடுகளின் கைச்செலவைத் தாங்குபவை பெண்கள் புறக்கடையில் வளர்க்கும் கோழிகளே. அவற்றுக்கான குஞ்சுகளை வாங்கும்போது அவை பெட்டையா சேவலா என்பதிலோ, எந்த இனம் என்பதிலோ தவறான தகவல் தரப்பட்டால், சிறுகச் சேர்த்த பணமும் பல மாத உழைப்பும் ஒருசேரப் போகின்றன. இந்த இழப்பைத் தடுக்க இரண்டு அறிவுகள் தேவைப்படுகின்றன: கோழியின் மரபுப் பண்புகள் இயங்கும் விதம் ஒன்று, வாங்குவோருக்குச் சட்டம் தந்துள்ள உரிமைகள் மற்றொன்று.

பால் சார்ந்த பண்புகள்

கோழியின் உடற்செல் ஒவ்வொன்றிலும் மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்கள் 39 இணைகளாக உள்ளன. அவற்றுள் ஓர் இணையே ஆண், பெண் வேறுபாட்டைத் தீர்மானிக்கிறது. சேவலில் அந்த இணையின் இரண்டும் இசட் எனப்படும் ஒரே வகை. பெட்டையில் ஒன்று இசட், மற்றொன்று டபிள்யூ. இதனால் பெட்டைக்குஞ்சு தன்னிடமுள்ள ஒரே இசட் குரோமோசோமைத் தந்தையிடமிருந்து மட்டுமே பெறுகிறது. தாயின் இசட் மகனுக்கு மட்டுமே போய்ச் சேருகிறது. இசட்டில் அமைந்த மரபணுக்கள் உண்டாக்கும் பண்புகள் மகனுக்கும் மகளுக்கும் வெவ்வேறு விதமாகக் கடத்தப்படுவதால், அவை பால் சார்ந்த பண்புகள் எனப்படுகின்றன.

இப்பண்புகளுள் மூன்று வணிகத்தில் பெரிதும் பயன்படுகின்றன. முதலாவது வரி இறகு: வரியற்ற கருஞ்சேவலை வரி இறகுள்ள பெட்டையுடன் இணைத்தால், பொரியும் சேவல்குஞ்சுகளின் உச்சந்தலையில் வெளிர் புள்ளி இருக்கும், பெட்டைக்குஞ்சுகளில் அது இராது. இரண்டாவது தூவி நிறம்: பொன்னிற மரபணுவுடைய சேவலை வெள்ளி நிற மரபணுவுடைய பெட்டையுடன் இணைத்தால், மகள்கள் செம்பழுப்பாகவும் மகன்கள் வெளிர் மஞ்சளாகவும் பிறக்கின்றன. மூன்றாவது இறகு முளைக்கும் வேகம்: விரைந்து இறகு முளைக்கும் சேவலையும் தாமதமாக முளைக்கும் பெட்டையையும் இணைத்தால், மகள்கள் தந்தையைப் போல விரைந்தும் மகன்கள் தாயைப் போலத் தாமதித்தும் இறகு பெறுகின்றன. இந்த மூன்றாவது அடையாளத்தை ஒரு நாள் குஞ்சின் சிறகை மெதுவாக விரித்து வெளிச்சத்தில் பார்த்தால் காணலாம். சிறகு நுனியில் இரண்டு வரிசைக் குருத்திறகுகள் தெரியும். கீழ்வரிசையில் இருப்பவை பின்னாளில் பறக்கும் இறகுகளாக வளர்பவை, மேல்வரிசையில் இருப்பவை அவற்றை மூடும் இறகுகள். கீழ்வரிசை தெளிவாக நீண்டிருந்தால் அது பெட்டை. இரண்டும் ஒரே நீளமாகவோ மேல்வரிசை நீண்டோ இருந்தால் அது சேவல். பொரித்த முதல் இரண்டு நாள்களுக்குப் பின் இந்த வேறுபாடு மங்கிவிடும்.

அடையாளம் எப்போது பொய்க்கும்

இந்த அடையாளங்கள் எல்லாம், குறிப்பிட்ட சேவலும் குறிப்பிட்ட பெட்டையும் திட்டமிட்டு இணைக்கப்பட்டிருந்தால் மட்டுமே உண்மையைச் சொல்லும். தாய், தந்தை இரண்டும் விரைந்து இறகு முளைக்கும் வகையாக இருந்தால் சேவல்குஞ்சுக்கும் நீண்ட இறகே இருக்கும். அதைக் காட்டியே சேவலைப் பெட்டையென்று விற்றுவிட முடியும். பெற்றோர் வரலாறு அறியப்படாத நாட்டுக்கோழிக் குஞ்சுகளில், சிறகைப் பார்த்தோ நிறத்தைப் பார்த்தோ பெட்டை என்று உறுதி கூறுவதற்கு அறிவியல் அடிப்படை இல்லை. கூர்மையான முட்டையில் சேவலும் உருண்டை முட்டையில் பெட்டையும் பிறக்கும் என்ற நம்பிக்கைக்கும் அவ்வாறே அடிப்படை இல்லை.

நிறத்தால் பால் பிரித்து விற்கப்படும் கலப்பினக் குஞ்சுகளை வளர்த்து, அவற்றையே தமக்குள் இணைத்துப் பெருக்க எண்ணுவோரும் ஏமாற நேரிடும். அடுத்த தலைமுறையில் சேவல், பெட்டை இரண்டிலும் இரு நிறங்களும் கலந்து வருவதால் நிறம் பாலைக் காட்டாது. கலப்பினத்தின் முட்டை உற்பத்தித் திறனும் அப்படியே தொடராது.

கருங்கோழி எனப்படும் கடக்நாத் வணிகத்தில் இந்த மரபியல் நுட்பம் நேரடியான பண இழப்பாக மாறுகிறது. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக்குரிய இக்கோழியின் கறி 2018இல் புவிசார் குறியீடு பெற்ற பின் அதன் பெயர் நாடெங்கும் பரவியது. தோலுக்கடியில் கருமை படிவதைத் தடுக்கும் மரபணு இசட் குரோமோசோமில் இருப்பதால், கடக்நாத் சேவலை வெள்ளைக்கால் பெட்டையுடன் இணைத்தால் பிறக்கும் மகள்கள் பாதிக் கலப்பாக இருந்தும் கருமையாகவே தோன்றும், மகன்களில் கருமை வெகுவாகக் குறையும். பேட்சன், புன்னெட் என்ற இங்கிலாந்து மரபியலாளர்கள் கருந்தோலுடைய சில்கி இனத்தில் இதே வகையான மரபுக் கடத்தலை ஆராய்ந்து 1911இலேயே வெளியிட்டனர். ஆகவே கருமையான பெட்டைகளை மட்டும் பார்த்துத் தூய இனம் என்று முடிவு செய்யக் கூடாது. அவற்றுடன் பிறந்த சேவல்களையும், இயன்றால் தாய்க்கோழியையும் பார்க்க வேண்டும்.

வண்ணக் குஞ்சுகள்

முட்டைக்கோழி இனங்களின் சேவல்குஞ்சுகள் முட்டையிடாதவை, இறைச்சிக்கும் மெதுவாகவே வளர்பவை என்பதால், பொரிப்பகங்கள் பால் பிரித்தவுடன் அவற்றை ஒதுக்கிவிடுகின்றன. அவ்வாறு ஒதுக்கப்பட்டவையே பெரும்பாலும் பச்சை, இளஞ்சிவப்பு, ஊதாச் சாயம் ஏற்றப்பட்டுத் திருவிழாக் கடைவீதிகளில் குழந்தைகளுக்கு விற்கப்படுகின்றன. தாய்ச்சூடோ விளக்குச் சூடோ இன்றிச் சாயத்தில் நனைந்த இக்குஞ்சுகளில் பல சில நாள்களில் மடிகின்றன. எஞ்சியவை தடுப்பூசி போடப்படாதவையாக இருந்தால் வீட்டிலுள்ள கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோயைக் கொண்டுவரக்கூடும்; கையாளும் குழந்தைகளுக்குச் சால்மோனெல்லா கிருமியால் வயிற்றுப்போக்கும் வரலாம். உயிரினத்துக்குத் தேவையற்ற துன்பம் விளைவிப்பது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சேவல்குஞ்சுகளைக் கொல்வதை ஜெர்மனி 2022 ஜனவரி முதல் தடை செய்து, பொரிக்கும் முன்பே முட்டையில் பாலறியும் முறையை நோக்கி நகர்ந்திருப்பது, இக்கொடுமைக்கு மாற்றுவழி உண்டு என்பதைக் காட்டுகிறது.

தீர்வுகள்

வாங்கும் முன் பெற்றோர் இனம், பொரித்த நாள், பால் பிரித்த முறை, போடப்பட்ட தடுப்பூசி ஆகிய நான்கையும் எழுத்தில் கேட்பது வாங்குவோரின் உரிமை. பொருளின் தரம், அளவு, விலை பற்றிய தகவலைப் பெறும் உரிமையை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 உறுதி செய்கிறது. விற்பதற்காக வளர்ப்பவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று விற்பனையாளர் வாதிடலாம். ஆனால் சொந்த உழைப்பால் வாழ்வாதாரம் ஈட்டுவதற்கு மட்டுமே வாங்கிய பொருளை வணிக நோக்கமாகக் கருதக் கூடாது என்று அதே சட்டம் விளக்கம் தருகிறது. குறைபாடுள்ள விதை வாங்கிய விவசாயிகள் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012இல் வழங்கிய தீர்ப்பும் இவ்வாதத்துக்குத் துணை நிற்கும்.

பெட்டை என்று விற்கப்பட்டவை சேவலாக வளர்ந்துவிட்டால், ரசீது, விளம்பரம், பணம் அனுப்பிய விவரம், புகைப்படங்கள், கால்நடை மருத்துவரின் சான்று ஆகியவற்றுடன் முதலில் விற்பனையாளருக்குப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். பதில் இல்லையெனில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை. வேண்டுமென்றே ஏமாற்றியிருந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவின்படி காவல் நிலையத்தில் மோசடிப் புகார் அளிக்கலாம். பெண்களுக்கும் தொழிலாளர்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. அதற்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.

குஞ்சும் தீவனமும் தந்து மாதந்தோறும் நிலையான தொகை வழங்குவதாகச் சொல்லி முன்பணம் பெறும் திட்டங்களில் கூடுதல் எச்சரிக்கை தேவை. பெருந்துறையில் 2012இல் ஈமு கோழித் திட்டங்கள் சரிந்ததும், மகாராஷ்டிரத்தின் சாங்லி பகுதியில் 2019இல் கடக்நாத் திட்டம் சரிந்ததும் பறவைகளை முன்னிறுத்தி நடந்த முதலீட்டு மோசடிகளே. இவ்வகைப் புகார்களைப் பொருளாதாரக் குற்றப்பிரிவில், தமிழ்நாடு முதலீட்டாளர்கள் நலப் பாதுகாப்புச் சட்டம், 1997இன் கீழ் அளிக்க வேண்டும்.

அரசின் கோழி வளர்ப்புத் திட்டங்களிலும், கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மையங்களிலும் இன விவரத்துடன் குஞ்சு பெறுவது பாதுகாப்பானது. சனிக்கிழமைகளில் அரசு கால்நடை மருந்தகங்களில் வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பூசி போடப்படுவதைத் தவறவிடக் கூடாது. பெற்றோர் இனத்தை எழுதித்தர மறுப்பவரிடம் எந்த விலைக்கும் குஞ்சு வாங்க வேண்டாம். வாங்கிய குஞ்சுக்கு ரசீது இல்லாமல் அந்த இடத்தை விட்டு நகரவும் வேண்டாம்.